ஹார்டா, ஹார்ட்லியா? குழப்பும் ஆங்கில வினையடைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கில இலக்கணம் ஓரளவு கைவந்தவர்களையும் காலை வாரிவிடுபவை வினையடைகள். தமிழில் ஒரே சொல் பார்க்கிற வேலையை ஆங்கிலம் பல இடங்களில் இரண்டு மூன்று சொற்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. அகராதியைத் திறந்தால் அவை எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே பொருள்தான் போட்டிருக்கும். அதனால் பொருளை மட்டும் மனப்பாடம் செய்து பயனில்லை. அந்தச் சொல் வாக்கியத்தில் எங்கே நிற்கிறது, அதைச் சொல்பவர் மனதில் என்ன எதிர்பார்த்தார் என்ற இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

பெயரடையோடு "லி" சேர்த்தால் வினையடை வந்துவிடும் என்று படித்தோமே. அது போதாதா?

பாதி வழிக்குப் போதும். ஸ்லோ என்பது ஸ்லோலி ஆகும், க்ளியர் என்பது க்ளியர்லி ஆகும். நம்முடைய "ஆக" போலவே இருக்கிறதே என்று நம்பிக் கொஞ்ச தூரம் போனால் மூன்று இடங்களில் தட்டுகிறது.

ஒன்று, "லி" ஏற்காத சொற்கள். ஃபாஸ்ட் என்பது பெயரடையாகவும் வினையடையாகவும் அப்படியே நிற்கும். "ஹி ரன்ஸ் ஃபாஸ்ட்" என்பதுதான் சரி, "ஃபாஸ்ட்லி" என்று சொல்வதில்லை. இரண்டு, "லி" என்று முடிந்தும் வினையடை ஆகாத சொற்கள்: ஃப்ரெண்ட்லி, லவ்லி, லோன்லி, சில்லி. "அவர் நட்பாகப் பேசினார்" என்பதற்கு "ஹி ஸ்போக் ஃப்ரெண்ட்லி" என்று எழுதக் கூடாது. "இன் எ ஃப்ரெண்ட்லி வே" என்று சுற்றித்தான் போக வேண்டும். மூன்றாவது வகைதான் ஆபத்தானது. "லி" இருந்தாலும் வினையடை, இல்லாவிட்டாலும் வினையடை, ஆனால் பொருள் வேறு. கேள்விகள் அதிகம் வருவது இந்த வகையைப் பற்றித்தான்.

ஹார்ட், ஹார்ட்லி இரண்டுக்கும் அப்படி என்ன வித்தியாசம்?

ஏறக்குறைய எதிர்ப்பொருள். "ஷி வொர்க்ஸ் ஹார்ட்" என்றால் அவர் கடுமையாக உழைக்கிறார். "ஷி ஹார்ட்லி வொர்க்ஸ்" என்றால் அவர் வேலையே செய்வதில்லை என்று சொல்லிவிடலாம். ஒருவரைப் பாராட்டிப் பரிந்துரைக் கடிதம் எழுதும்போது இந்த இடத்தில் கை தவறினால் அந்தக் கடிதம் கொடுக்காமலே இருந்திருக்கலாம்.

நிற்கும் இடமே பாதி அடையாளம். ஹார்ட் வினைக்குப் பின்னால் வரும். ஹார்ட்லி முதன்மை வினைக்கு முன்னால் வரும்.

ஹார்ட்லிக்குள் ஏற்கெனவே ஒரு "இல்லை" ஒளிந்திருக்கிறது. அதனால் அதனோடு இன்னொரு எதிர்மறை சேர்க்கக் கூடாது. "ஐ கான்ட் ஹார்ட்லி ஹியர்" தவறு, "ஐ கேன் ஹார்ட்லி ஹியர்" சரி. "ஹார்ட்லி நோபடி" தவறு, "ஹார்ட்லி எனிபடி" சரி. வாக்கிய முடிவில் ஒட்டும் சிறு கேள்வியும் இதை எதிர்மறையாகவே எடுத்துக்கொள்ளும்: "ஹி ஹார்ட்லி ஸ்பீக்ஸ், டஸ் ஹி?" அங்கே "டஸன்ட் ஹி" வராது. தேர்வு வைப்பவர்களுக்குப் பிடித்த இடம் இது.

இன்னொன்றும் அவர்களுக்குப் பிடிக்கும். ஹார்ட்லி வாக்கியத்தின் தலையில் வந்தால் துணைவினை எழுவாய்க்கு முன்னால் போய்விடும்: "ஹார்ட்லி ஹேட் ஐ சாட் டவுன் வென் தி ஃபோன் ராங்." உட்காரவில்லை, அதற்குள் போன் அடித்துவிட்டது. இங்கே வர வேண்டியது "வென்". "தேன்" வருவது "நோ சூனர்" என்று தொடங்கும் வாக்கியத்தில்தான். இரண்டையும் கலந்து எழுதுகிறவர்கள் நிறைய.

ஸ்கேர்ஸ்லி, பேர்லி?

ஸ்கேர்ஸ்லி என்பது ஹார்ட்லியேதான், கொஞ்சம் ஏட்டு வாசனை கூடுதல். பேர்லியில் சாய்வு சற்று மாறும். "ஹி பேர்லி பாஸ்ட்" என்றால் எப்படியோ தட்டுத் தடுமாறித் தேறிவிட்டார். தேறியது தேறியதுதான்.

லேட், லேட்லி?

தொடர்பே இல்லை. "ஹி கேம் லேட்" என்றால் தாமதமாக வந்தார். லேட்லி என்றால் சமீப காலமாக. "ஹேவ் யூ ஸீன் ஹிம் லேட்லி?" என்பதுபோல, இப்போதுவரை நீளும் காலத்தோடுதான் அது பெரும்பாலும் ஒட்டும். ஒரே முறை நடந்து முடிந்த செயலுக்கு ரீசன்ட்லி பொருந்தும்: "ஐ மெட் ஹிம் ரீசன்ட்லி." அங்கே லேட்லி போட்டால் காதில் உறுத்தும்.

ஹை, ஹைலி, டீப், டீப்லி, வைட், வைட்லி. இவற்றுக்கெல்லாம் பொதுவாக ஒரு வழி உண்டா?

உண்டு, ஓரளவுக்கு. கண்ணால் பார்த்து அளக்கக்கூடிய உயரம், ஆழம், அகலம், தூரம் என்றால் "லி" இல்லாத வடிவம். மனதளவில் சொல்வதென்றால் "லி" உள்ள வடிவம். பறவை "ஹை" பறக்கும், ஒருவரை நாம் "ஹைலி" மதிப்போம். "டீப்" தோண்டலாம், வருத்தம் "டீப்லி" இருக்கும். பக்கத்தில் நிற்பது "க்ளோஸ்", உன்னிப்பாகக் கவனிப்பது "க்ளோஸ்லி". வாயை "வைட்" திறக்கச் சொல்வார் மருத்துவர், பலரும் அறிந்த செய்தி "வைட்லி நோன்".

இந்த வழிக்குள் அடங்காதவையும் இருக்கின்றன. நியர்லி என்றால் "கிட்டத்தட்ட" மட்டும்தான், இடத்தில் பக்கமாக என்ற பொருள் அதற்குக் கிடையாது. ஷார்ட்லி என்றால் சற்று நேரத்தில். ஃப்ரீ என்றால் காசில்லாமல், ஃப்ரீலி என்றால் தடையில்லாமல். ஜஸ்ட்லி என்றால் நியாயமாக. ஜஸ்ட்டுக்குத்தான் பத்துப் பொருள்.

ஆல்ரெடி, யெட், ஸ்டில். மூன்றையும் எத்தனை முறை படித்தாலும் குழம்புகிறதே?

குழம்பாமல் எப்படி இருக்கும்? யெட், ஸ்டில் இரண்டுக்கும் தமிழில் "இன்னும்" என்ற ஒரே சொல்தான். "இன்னும் மழை பெய்கிறது", "இன்னும் மழை பெய்யவில்லை" என்று இரண்டு பக்கமும் அதையே வைத்துப் பேசி வளர்ந்தவர்கள் நாம்.

இந்த மூன்றும் உண்மையில் நேரத்தைச் சொல்வதைவிட, பேசுபவரின் எதிர்பார்ப்பைத்தான் அதிகம் சொல்கின்றன. ஒரு ரயிலை வைத்துப் பார்ப்போம்.

"தி ட்ரெய்ன் ஹேஸ் ஆல்ரெடி லெஃப்ட்." ரயில் போய்விட்டது. நான் நினைத்ததைவிடச் சீக்கிரமாகப் போய்விட்டது, அல்லது நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பதற்கு முன்பே போய்விட்டது.

"தி ட்ரெய்ன் ஹேஸன்ட் லெஃப்ட் யெட்." போகவில்லை, ஆனால் போகும். செய்தி சொல்வது போன்ற அமைதியான வாக்கியம்.

"தி ட்ரெய்ன் ஸ்டில் ஹேஸன்ட் லெஃப்ட்." அதே ரயில், அதே நிலை. ஆனால் பேசுபவருக்குப் பொறுமை போய்விட்டது. எப்போதோ கிளம்பியிருக்க வேண்டியது, இவ்வளவு நேரமாகியும் நிற்கிறது.

கடைசி இரண்டு வாக்கியங்களையும் தமிழில் "ரயில் இன்னும் கிளம்பவில்லை" என்றே சொல்வோம். எரிச்சலைக் குரலில் காட்டுவோம், அல்லது "இன்னமும்" என்று அழுத்துவோம். ஆங்கிலத்தில் அந்த எரிச்சலைச் சுமக்கத் தனிச் சொல் இருக்கிறது. வாடிக்கையாளருக்கு எழுதும் மின்னஞ்சலில் "யூ ஸ்டில் ஹேவன்ட் பெய்ட்" என்று போட்டால் அதட்டுவது போலிருக்கும். "யெட்" போட்டால் நினைவூட்டல்.

இருக்கும் இடத்தையும் பாருங்கள். யெட் பெரும்பாலும் வாக்கியக் கடைசியில், கேள்வியிலும் எதிர்மறையிலும் வரும். ஸ்டில் எதிர்மறை வாக்கியத்தில் "ஹேஸன்ட்" போன்ற துணைவினைக்கு முன்னால் நிற்கும். நேர் வாக்கியத்தில் "ஹி இஸ் ஸ்டில் ஸ்லீப்பிங்" என்று துணைவினைக்குப் பின்னால் போய்விடும்.

"எனிமோர்" இதில் எங்கே வருகிறது?

ஸ்டில்லுக்கு மறுபக்கம். "ஹி ஸ்டில் லிவ்ஸ் ஹியர்" என்றால் இங்கேதான் இருக்கிறார். "ஹி டஸன்ட் லிவ் ஹியர் எனிமோர்" என்றால் முன்பு இருந்தார், இப்போது இல்லை. இதற்குப் பதில் "யெட்" போட்டுவிட்டால் அவர் இனிமேல்தான் குடிவரப் போகிறார் என்று ஆகிவிடும்!

"ஐ ஆல்ரெடி டோல்ட் யூ" தவறா?

அமெரிக்காவில் சர்வ சாதாரணம். பிரிட்டிஷ் வழக்கில் "ஐ ஹேவ் ஆல்ரெடி டோல்ட் யூ" என்பதை எதிர்பார்ப்பார்கள். "டிட் யூ ஈட் யெட்?", "ஹேவ் யூ ஈட்டன் யெட்?" இரண்டுக்கும் இதே பிரிவுதான். உங்கள் பாடநூல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நில்லுங்கள். சரி, இன்னொரு சந்தேகமும் இங்கேயே வரும்: இடைவெளி விட்டு "ஆல் ரெடி" என்று இரண்டு சொல்லாக எழுதினால் "எல்லாரும் தயார்" என்று பொருள். உச்சரிப்பு கிட்டத்தட்ட ஒன்றேதான் என்பதால் எழுதும்போதுதான் பிழை வெளியே தெரியும்.

சம்டைம், சம்டைம்ஸ், சம் டைம்?

சம்டைம்ஸ் என்றால் சில சமயம். சம்டைம் என்றால் எப்போதாவது ஒரு நாள்: "லெட்ஸ் மீட் சம்டைம்." பிரித்து எழுதும் சம் டைம் என்றால் கொஞ்ச நேரம்: "ஐ நீட் சம் டைம்." சம்டைம்ஸின் கடைசியில் வரும் "ஸ்" பழைய ஆங்கிலத்தின் வேற்றுமை உருபு ஒன்றின் மிச்சம். ஆல்வேஸ், நவடேஸ் என்பவற்றின் வாலில் இருப்பதும் அதுதான்.

"பிஃபோர் த்ரீ யியர்ஸ்" என்று சொன்னால் ஏன் திருத்துகிறார்கள்?

"மூன்று வருடங்களுக்கு முன்பு" என்பதை அப்படியே பெயர்த்து வைப்பதால் வரும் பிழை இது, தமிழ் பேசுபவர்களிடம் மிகவும் சகஜம். இந்த நொடியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் அகோ: "ஐ ஜாய்ன்ட் த்ரீ யியர்ஸ் அகோ." அகோ வந்தால் சாதாரண இறந்தகாலம். "ஐ ஹேவ் ஜாய்ன்ட்" என்பது அதனோடு ஒட்டாது.

கடந்த காலத்தில் ஏதோ ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு அதற்கும் முன்னால் எண்ணினால் பிஃபோர்: "ஐ மெட் ஹிம் இன் 2015. ஹி ஹேட் ரிடையர்ட் த்ரீ யியர்ஸ் பிஃபோர்." அதாவது அவர் ஓய்வுபெற்றது 2012ல். நம் "முன்பு" இந்த இரண்டு எண்ணிக்கையையும் அலட்டிக்கொள்ளாமல் செய்துவிடும். எங்கிருந்து எண்ணுகிறோம் என்பதை ஆங்கிலத்தில் சொல்லியாக வேண்டும். கவனித்தீர்களா, இரண்டிலுமே சொல் எண்ணுக்குப் பின்னால்தான் நிற்கிறது.

எதிர்காலத்திலும் இதே சிக்கல் உண்டு. "இரண்டு நாள் கழித்துக் கூப்பிடுகிறேன்" என்பதற்கு "ஆஃப்டர் டூ டேஸ்" என்று கை தானாக எழுதும். ஆங்கிலேயர் சொல்வது "இன் டூ டேஸ்".

"ஒன்லி"யை எங்கே வைப்பது?

எந்தச் சொல்லைக் கட்டுப்படுத்துகிறதோ அதற்கு நேர் முன்னால் வைத்தால் எழுத்தில் எப்போதும் பாதுகாப்பு. "ஒன்லி ஐ ஸைன்ட் தி லெட்டர்" என்றால் நான் மட்டும்தான் கையெழுத்திட்டேன், வேறு யாரும் இல்லை. "ஐ ஸைன்ட் ஒன்லி தி லெட்டர்" என்றால் கடிதத்தில் மட்டும்தான், கூட இருந்த ஆவணத்தில் இல்லை. "ஐ ஒன்லி ஸைன்ட் தி லெட்டர்" என்றால் கையெழுத்துப் போட்டதோடு சரி, அதை எழுதியது நான் இல்லை என்றும் கொள்ளலாம், முந்தைய பொருளையும் கொள்ளலாம். பேச்சில் அழுத்தம் காப்பாற்றும், எழுத்தில் அந்த வசதி இல்லை. வழக்கு, ஒப்பந்தம் என்று போனால் இந்த ஒரு சொல் இடம் மாறியதற்காக நாள்கணக்கில் வாதாடலாம்.

நமக்கென்றே இருக்கும் சிக்கல் வேறு. "நேற்றுதான் சொன்னார்" என்பது "ஹி டோல்ட் யெஸ்டர்டே ஒன்லி" ஆகிவிடுகிறது. "தான்" என்பது அழுத்தம் கொடுக்க வருவது, "மட்டும்" என்பதுதான் ஒன்லி. "அவர் அப்படித்தான்" என்பதில் "மட்டும்" என்ற பொருள் துளியும் இல்லை, ஆகவே "ஹி இஸ் லைக் தட் ஒன்லி" என்பது வெளியூர்க்காரருக்குப் புரியாது. "தான்" வரும் இடங்களில் ஆங்கிலம் பெரும்பாலும் குரலை உயர்த்தும், அல்லது "இட் வாஸ் யெஸ்டர்டே தட்..." என்று வாக்கியத்தையே திருப்பிப்போடும். "இப்போதுதான்" என்பதற்கு "ஜஸ்ட்" கைகொடுக்கும்: "ஹி ஹேஸ் ஜஸ்ட் லெஃப்ட்."

வெரி, டூ? "டூ குட்" என்று பாராட்டலாமா?

வெரி அளவைக் கூட்டும், அவ்வளவுதான். டூ எல்லையைத் தாண்டிவிட்டது என்று குறை சொல்லும். "வெரி ஹாட்" என்றால் நல்ல சூடு, "டூ ஹாட்" என்றால் தொட முடியாத சூடு. அதன் பின்னால் ஒரு "முடியாது" வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். "யூ ஆர் டூ கைண்ட்" போன்ற உபசாரப் பேச்சு விதிவிலக்கு. நண்பர்களுக்குள் "டூ குட்" என்பதையும் யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள், அலுவலகக் கடிதத்தில் மட்டும் வேண்டாம்.

இனஃப் எங்கே நிற்கும் என்பதும் அடிக்கடி கேட்கப்படுகிறது. பெயரடைக்குப் பின்னால்: "குட் இனஃப்." பெயர்ச்சொல்லுக்கு முன்னால்: "இனஃப் டைம்."

"ஐ ஃபீல் பேட்" என்பதா, "ஐ ஃபீல் பேட்லி" என்பதா?

பேட். வினைக்குப் பக்கத்தில் வருவதெல்லாம் வினையடை என்று நினைத்துக்கொண்டு, அதிகமாகக் கவனம் எடுப்பவர்கள்தான் இங்கே விழுகிறார்கள். லுக், ஸவுண்ட், ஸ்மெல், டேஸ்ட், ஃபீல், ஸீம் ஆகியவை எழுவாய் எப்படி இருக்கிறது என்று சொல்ல வந்தால் பெயரடைதான் கேட்கும். சோதிக்க எளிய வழி, வினையைத் தூக்கிவிட்டு "இஸ்" அல்லது "வாஸ்" போட்டுப் பார்ப்பது. பொருள் நின்றால் பெயரடை.

"ஹி லுக்ட் ஆங்ரி": அவர் கோபமாகத் தெரிந்தார். "ஹி வாஸ் ஆங்ரி" என்றாலும் நிற்கிறது. "ஹி லுக்ட் ஆங்ரிலி அட் மீ": என்னைக் கோபமாகப் பார்த்தார். இங்கே "வாஸ்" போட்டால் வாக்கியம் உடைந்துவிடும், ஆக வினையடை. இரண்டுக்கும் தமிழில் "கோபமாக" என்றே வந்து நிற்பதைப் பாருங்கள். "ஆக" வந்தால் "லி" போடு என்ற கணக்கு உதவாமல் போவதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

வெல் மட்டும் இரட்டை வேடம். "ஷி சிங்ஸ் வெல்" என்பதில் வினையடை, "ஐ ஆம் வெல்" என்பதில் உடல்நலத்தைச் சொல்லும் பெயரடை.

மோஸ்ட், மோஸ்ட்லி, ஆல்மோஸ்ட்?

"ஆல்மோஸ்ட் ஸ்டூடன்ட்ஸ்" என்று எழுதாமல் இருந்தாலே பாதிப் பிழை போய்விடும். "மோஸ்ட் ஸ்டூடன்ட்ஸ்" என்றால் பெரும்பாலான மாணவர்கள், "ஆல்மோஸ்ட் ஆல் ஸ்டூடன்ட்ஸ்" என்றால் ஏறக்குறைய எல்லா மாணவர்களும். மோஸ்ட்லி என்றால் பெரும்பாலும்.

ஒருவர் என் வேலையைப் பார்த்து "க்வைட் குட்" என்றார். மகிழ்வதா, வருந்துவதா?

அவர் எந்த நாட்டுக்காரர் என்பதைப் பொறுத்தது. அமெரிக்கர் சொன்னால் பெரும்பாலும் "ரொம்ப நன்று". பிரிட்டிஷ்காரர் சொன்னால் "பரவாயில்லை" என்ற அளவில் நிற்கலாம். அதே பிரிட்டிஷ்காரர் "க்வைட் இம்பாசிபிள்" என்றால் முற்றிலும் முடியாது என்று பொருள், ஏனென்றால் முடியாது என்பதில் கொஞ்சம், அதிகம் என்ற படிகள் கிடையாது. ஃபேர்லி நடுத்தரம். ராதர் பெரும்பாலும் ஒரு சின்ன அதிருப்தியோடு வரும்: "இட் இஸ் ராதர் கோல்ட்."

சாலைப் பலகையில் "டிரைவ் ஸ்லோ" என்கிறார்களே, தவறில்லையா?

தவறென்று சொல்ல மாட்டேன். பழைய ஆங்கிலத்தில் பெயரடையின் கடைசியில் "எ" என்ற ஓசை சேர்த்து வினையடை உண்டாக்குவதும் ஒரு வழக்கம். காலப்போக்கில் சொல்லிறுதியில் இருந்த அந்த ஓசை தேய்ந்து மறைந்தது. விளைவாக, பெயரடையும் வினையடையும் பார்க்க ஒரே மாதிரி ஆகிவிட்டன. ஃபாஸ்ட், ஹார்ட் எல்லாம் அந்த வழியில் வந்தவை. ஸ்லோவும் அவற்றைப் போலவே நிற்கிறது. "லி" வடிவம் பரவலாகி, 18ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள் அதுதான் முறை என்று கண்டிப்புக் காட்டத் தொடங்கிய பிறகுதான் "லி" இல்லாதவை அரைகுறை போலத் தெரிய ஆரம்பித்தன. 1762ல் இலக்கண நூல் வெளியிட்ட ராபர்ட் லோத், பெயரடையை வினையடையாக ஆள்வது முறையன்று என்றே எழுதினார். மொழி அவருக்கு முழுதாகக் கட்டுப்படவில்லை. ஆப்பிள் நிறுவனம் 1997ல் "திங்க் டிஃபரன்ட்" என்று விளம்பரம் செய்தபோது "டிஃபரன்ட்லி" என்றல்லவா வர வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு.

தேர்வில் மட்டும் "ஸ்லோலி" எழுதுங்கள். விடைத்தாள் திருத்துபவரிடம் பழைய ஆங்கில வரலாறு பேச முடியாது.

"ஹோப்ஃபுல்லி", "லிட்டரலி" இரண்டையும் சிலர் திட்டுகிறார்களே?

ஹோப்ஃபுல்லி என்றால் முதலில் "நம்பிக்கையோடு" என்று பொருள். "நடக்கும் என்று நம்புவோம்" என்ற பொருளில் வாக்கியத் தொடக்கத்தில் வருவதை நெடுங்காலம் எதிர்த்தார்கள். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனமே 2012ல் தன் நடைக் கையேட்டில் அதை ஏற்றுக்கொண்டது. இனித் தயங்க வேண்டாம். சொன்னது சொன்னபடியே உண்மை என்று காட்ட வரும் லிட்டரலி வேறு கதை. "லிட்டரலி செத்துட்டேன்" என்று உயிரோடு இருப்பவர் சொல்வதை அகராதிகள் பேச்சு வழக்காகப் பதிவு செய்திருக்கின்றன. ஆனாலும் எழுத்தில் படிப்பவர் சிரிப்பார்.

ப்ரெஸன்ட்லி என்றால் இப்போதா, சற்று நேரத்திலா?

இரண்டும். அமெரிக்காவில் பெரும்பாலும் "இப்போது", பிரிட்டனின் பழைய வழக்கில் "சீக்கிரத்தில்". மொமென்டரிலிக்கும் இதே கதி. அமெரிக்கர் "சற்று நேரத்தில்" என்று சொல்வார், பிரிட்டிஷ்காரருக்கு அது "சற்று நேரத்துக்கு மட்டும்" என்று கேட்கும். விமானம் "மொமென்டரிலி" தரையிறங்கும் என்று அறிவித்தால், இறங்கிய வேகத்தில் மறுபடி ஏறிவிடுமோ என்று அவர் கேலி செய்வது இதனால்தான். இரு பக்கத்துக்கும் எழுதுகிறீர்கள் என்றால் "நௌ", "சூன்" என்று எழுதிவிட்டுப் போய்விடுங்கள்.